கல், காமாலை, சாயம்: பித்தநாளப் புற்றுக்கு முந்திய நிலையைப் புரதங்கள் காட்டிக்கொடுக்குமா?

மட்டாஞ்சேரிச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பதின்வயதில் தொடங்கிய வயிற்றுவலி, முப்பதில் வந்த சர்க்கரை நோய், இப்போது காமாலையும் உடம்பெல்லாம் அரிப்பும். தோப்பும்படி தாண்டி எர்ணாகுளம் வந்து ஸ்கேன் எடுத்தால் கணையக் குழல் நெடுகக் கற்கள். கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிச் செல்லும் இடத்தில் பித்தநாளம் குறுகிக் கிடக்கிறது. கொச்சியின் வயிற்று மருத்துவர்களுக்கு இவர் பழகிய நோயாளி. கற்களும் அவற்றைச் சுற்றிய அழற்சியும் பித்தநாளத்தை நெருக்கியிருக்கலாம். அங்கே புற்றுநோய் வந்திருக்கலாம். அல்லது இன்னும் புற்றாகாத, ஆனால் அந்தத் திசையில் நகரத் தொடங்கிவிட்ட செல்கள் இருக்கலாம். முதலாவதுக்கு ஸ்டென்ட்டோ பித்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையோ போதும். இரண்டாவதுக்கு விப்பிள் அறுவை: கணையத்தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் போய்விடும். மூன்றாவதுக்கு என்ன செய்வது என்பதில்தான் மருத்துவம் தடுமாறுகிறது.

தடுமாற்றத்துக்குக் காரணம் கிடைக்கும் திசுவின் அளவு. வாய்வழியே எண்டோஸ்கோப் செலுத்திப் பித்தநாளத்துக்குள் பிரஷ்ஷால் தேய்த்தால் சில செல் கொத்துகள் கிடைக்கும். பயாப்ஸி எடுத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். உண்மையிலேயே புற்று இருப்பவர்களிலும் பிரஷ் சோதனை ஏறக்குறைய பாதிப் பேரைத் தவறவிடுகிறது. கிடைத்த செல்களோ குழப்பமானவை. கல் உரசிய செல், ஸ்டென்ட் உரசிய செல், கிருமித் தொற்றில் வெந்த செல், எல்லாமே உட்கரு பெருத்து, நிறம் அடர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புற்றுச் செல்லைப் போலவே தோற்றம் காட்டும். கண்ணால் பிரிக்க முடியாததைச் செல்லுக்குள் இருக்கும் புரதங்களைக் கொண்டு பிரிக்கலாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது. குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஸ்லைடின் மேல் ஊற்றி, ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்டும் முறைக்கு ஆய்வகங்களில் ஐ.எச்.சி. என்று பெயர். ஏராளமான புரதங்களை இப்படிச் சோதித்தாயிற்று. எனக்குப் படுவது இது: இந்தப் புரதங்கள் நல்ல சாட்சிகள், ஆனால் தீர்ப்பை அவற்றின் கையில் கொடுக்க முடியாது, எந்த ஊர்த் திசுவில் பார்த்து அளவுகோல் வகுத்தார்களோ அந்த ஊரின் நோயைத்தான் அவை நன்றாக அறிந்திருக்கின்றன.

கொச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மது அருந்தாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல் கட்டி, வலியும் சர்க்கரையும் சேர்ந்து வரும் நோயை 1959இல் இந்தோனேசியாவிலிருந்து ஸுய்தெமா விவரித்தார். அதை ஆயிரக்கணக்கான நோயாளிகள் வழியே உலகுக்குத் தெரியவைத்தவர் கேரளத்தின் பி.ஜே. கீவர்கீஸ்; கணைய நீரிழிவு பற்றிய அவருடைய நூல் 1968இல் வந்தது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற பெயர் அதற்கு நிலைத்தது. கப்பை எனப்படும் மரவள்ளிக் கிழங்கின் மேல் வெகுகாலம் பழி விழுந்தது. கப்பையும் மீனும் இல்லாத கேரளச் சாப்பாடு ஏது என்பதால் பழி போடவும் எளிதாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ட்ரிப்சினைக் கட்டுப்படுத்தும் ஸ்பிங்க்1 மரபணுவில் ஒரு மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பதை இந்திய ஆய்வுகள் 2002 வாக்கில் காட்டின.

1992இல் கொச்சி மருத்துவர்களான பிலிப் அகஸ்டினும் எச். ரமேஷும் ஓர் அமெரிக்க இதழில் நேரடியான கேள்வி ஒன்றையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள்: இந்த நோய் புற்றுக்கு முந்திய நிலையா? அவர்கள் பார்த்த கணைய அழற்சி நோயாளிகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் கணையப் புற்று இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையிலிருந்து வி. மோகன், சுரேஷ் சாரி, பிச்சுமணி முதலானோர் 185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணக்கில், புற்று வரும் அபாயம் பொதுமக்களைவிட நூறு மடங்கு என்று வந்தது. இறந்தவர்கள் 24 பேரில் ஆறு பேர் கணையப் புற்றால் இறந்தவர்கள். எண்ணிக்கை சிறியது, ஆகவே நூறு என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கல், அழற்சி, புற்று என்ற வரிசை தென்னிந்தியாவில் கண்முன் நடப்பதை இந்த இரண்டு கட்டுரைகளும் நிறுவிவிட்டன.

கணையத்தைப் பற்றிய பேச்சு பித்தநாளத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கருவில் இரண்டும் முன்குடலின் ஒரே பகுதியிலிருந்து அடுத்தடுத்து முளைப்பவை. வளர்ந்த உடம்பில் ஒரே வாய் வழியாகச் சிறுகுடலில் திறப்பவை. ஜப்பானில் கனாசாவா பல்கலைக்கழகத்தின் யாசுனி நகானுமா, பித்தநாள நோய்கள் பலவற்றுக்குக் கணையத்தில் ஓர் இணை உண்டு என்ற கருத்தை விரிவாக வளர்த்தார். பெரிய பித்தநாளங்களின் சுவரில் கணையச் செல்களே ஒளிந்திருக்கும் சுரப்பிகள் உண்டு என்பதையும் அவருடைய குழுதான் திரும்பத் திரும்பக் காட்டியது. புற்றுக்கு முந்திய மாற்றங்களுக்கும் இந்த இணை பொருந்துகிறது. கணையக் குழலில் தட்டையாகத் தொடங்கும் மாற்றத்துக்கு பானின் என்று பெயர் வைத்தார்கள். பித்தநாளத்தில் அதன் சகோதரிக்கு பிலின். குழலுக்குள் விரல்களைப் போல நீட்டிக்கொண்டு வளரும் இன்னொரு வகையும் இரண்டிலும் உண்டு.

பிலின் என்ற சொல்லுக்கு 2005க்கு முன் வாழ்வில்லை. ஹைபர்பிளாசியா, அட்டிபியா, டிஸ்பிளாசியா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனாசாவாவின் யோ ஸென்னும் கூட்டாளிகளும், ஈரலுக்குள் கல் கட்டிய நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த ஈரல்களை வைத்து மூன்று படிகள் வகுத்தார்கள். 2007இல் பல நாட்டு நோயியல் நிபுணர்களுக்கு ஒரே படங்களை அனுப்பிப் படி சொல்லச் சொன்னபோது, அவர்களுக்குள் ஒற்றுமை நடுத்தரமாகத்தான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் மூன்று படிகளை ஏற்றது, 2019இல் கீழ்நிலை, உயர்நிலை என்று இரண்டாகச் சுருக்கியது. இந்தச் சுருக்கத்தைத் தோல்வியின் ஒப்புதல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது: மனிதக் கண் மூன்றாகப் பிரிக்க முடியாததை வகைப்பாடு மட்டும் பிரித்து என்ன பயன்?

கண்ணுக்குத் துணை தேடியபோது முதலில் அகப்பட்டவை மியூசின்கள், சளியின் சட்டகமான புரதங்கள். வயிற்று மேற்பரப்பில் சுரக்கும் மியூசின் 5ஏசி, ஆரோக்கியமான பித்தநாளத்தில் அதிகம் இல்லாதது, பிலினில் தொடக்கத்திலேயே தோன்றுகிறது. மியூசின் 1 படி ஏற ஏறக் கூடுகிறது. குடலுக்குரிய மியூசின் 2 தட்டை வகையில் அரிது, விரல்போல் வளரும் வகையின் ஒரு பிரிவில் அதிகம். வகை பிரிக்க இவை அருமையான கருவிகள். புற்றின் பாதையைக் கண்டுபிடிக்கவோ மிகவும் சுமார். கல் கட்டிய பித்தநாளம் தன்னைத் தற்காத்துக்கொள்ளவே வயிற்றுச் சுவரின் குணத்தை ஏற்றுக்கொள்வதுண்டு. அப்போது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத செல்லும் 5ஏசி காட்டும். கணையக் கல் மிகுந்த நம் பகுதியில் இந்தச் சாயத்தை மட்டும் நம்பினால் வெட்டத் தேவையில்லாத பித்தநாளங்கள் வெட்டப்படும்.

பி53இன் கதை வேறு. செல்லின் டி.என்.ஏ. சேதமடைந்தால் பெருக்கத்தை நிறுத்துகிற இந்தப் புரதம், ஆரோக்கியமான செல்லில் உருவானவுடன் சிதைக்கப்பட்டுவிடும். சாயத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கிய உட்கருக்களே தெரியும். மரபணு பழுதானால் புரதம் சிதையாமல் குவிந்து, வரிசையாக எல்லா உட்கருவும் அடர் பழுப்பாகும். இன்னொரு வகைப் பழுதில் புரதமே உருவாகாமல் போய் ஸ்லைடு முற்றிலும் வெறுமையாக இருக்கும். இந்த வெறுமையை ‘நெகட்டிவ், ஆகவே சாதாரணம்’ என்று எழுதிவிடுவதுதான் மிகச் சாதாரணமான பிழை. பக்கத்தில் இருக்கும் தசை நார்ச் செல்களிலும் வெள்ளணுக்களிலும் லேசான சாயம் இருக்கிறதா என்று பார்த்தபின்பே வெறுமைக்குப் பொருள் சொல்ல வேண்டும். பி53 தட்டை வகை பிலினின் கீழ்ப்படிகளில் பெரும்பாலும் மாறாமல் இருந்து, உயர்நிலையிலோ சுவரை ஊடுருவும் கட்டத்திலோதான் பழுதாகிறது என்று கனாசாவாவின் ஆய்வுகள் பலமுறை காட்டின. கே-ராஸ் மரபணு மாற்றமோ முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆகவே பி53 பழுதைக் கண்டால் நிலைமை மோசம் என்று உறுதியாகச் சொல்லலாம். காணாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. தாமதமாக வரும் சாட்சி, ஆனால் வந்தால் பொய் சொல்வது குறைவு.

பி16 இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது மேலே போய்க் கீழே வருகிறது. அழற்சியில் அடிபட்ட செல் மூப்படைந்து பெருக்கத்தை நிறுத்தும்போது பி16 ஏறும். பிலினின் தொடக்கத்தில் அது இருக்கிறது. புற்றை நோக்கிப் போகப்போகக் குறைகிறது. குறைவதற்குக் காரணத்தையும் கனாசாவாவின் மோடோகோ சசாகி குழு 2008இல் தேடிச் சொன்னது: இசெட்.எச்.2 என்ற புரதம் கூடக்கூட, அது பி16 மரபணுவின் மேல் பூட்டுப் போடுகிறது. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும் இந்த ஜோடி, தனித்தனியாக எதுவும் தராத தகவலைச் சேர்ந்து தருகிறது. கீழ்ப்படியில் நிற்கும் செல் இன்னும் தன்னைத்தானே தடுத்துக்கொண்டிருக்கிறதா, தடை உடைந்துவிட்டதா என்ற கேள்விக்கு இதைவிட நெருங்கிய சாயம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அன்றாட ஆய்வகத்தில் இதைப் பயன்படுத்துவோர் குறைவு. ஏறியதும் இறங்கியதும் எவ்வளவு என்பதை அளக்க ஒரே திசுத்துண்டில் சாதாரணப் பகுதியும் மாறிய பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பயாப்ஸியில் அந்த வசதி கிடைப்பதில்லை.

பயாப்ஸிக்கென்றே தேர்ந்த கூட்டணி 2010இல் வந்தது. முதன்முதலில் நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எஸ்100பி, கருவளர்ச்சிக் காலத்தில் மிகுந்து பின்னர் அடங்கிப்போகும் ஐஎம்பி3, இரண்டும் பித்தநாளப் புற்றில் பழுப்பாகும்; வி.எச்.எல். புரதமோ சாதாரண நாளத்தில் இருந்து புற்றில் மறையும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எண்டோஸ்கோப்பில் எடுத்த சிறு துண்டிலும் பெரும்பாலும் தெளிவு கிடைக்கிறது. ஒன்று தோன்ற வேண்டும், இன்னொன்று மறைய வேண்டும் என்ற இரட்டை நிபந்தனைதான் இதன் பலம். சாயம் சரியாக ஏறாத ஸ்லைடு அகப்பட்டுக்கொள்ளும். குறை என்னவென்றால் எஸ்100பி முன்நிலை மாற்றங்களிலும் வந்துவிடுகிறது. புற்றா இல்லையா என்று கேட்கிறவருக்கு அது குறை. முன்நிலையைத் தேடுகிறவருக்கு அதுவே வரம். கணையத்தை ஒட்டிய கீழ்ப் பித்தநாளத்தில் ஸ்மாட்4 என்ற புரதம் மறைவதையும் இந்தக் கூட்டணியோடு சேர்க்கலாம். மறைந்தால் பொருளுண்டு, இருந்தால் பொருள் குறைவு.

இவ்வளவும் பெரிய நாளங்களுக்குத்தான். ஈரலின் ஓரத்தில் நுண்நாளங்களிலிருந்து எழும் புற்று பிலின் வழியாக வருவதாகத் தெரியவில்லை; மியூசின் 5ஏசியும் எஸ்100பியும் அங்கே வேலைக்காகாது. அந்த வகை இன்று ஐ.டி.எச்.1, எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணுக்களின் பெயரால் பேசப்படுகிறது, அவற்றுக்கு மருந்தும் இருக்கிறது.

இந்த அளவுகோல்கள் எங்கெங்கே உருவாயின? கனாசாவாவின் ஈரல் கற்கள் ஓரிடம். இன்னோரிடம் வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேன், உலகத்திலேயே பித்தநாளப் புற்று மிகுந்த வட்டாரம். நன்னீர்க் கெண்டை இன மீன்களைப் பச்சையாகவோ அரைகுறையாகப் புளிக்கவைத்தோ உண்பதால் ஒபிஸ்தார்க்கிஸ் என்ற தட்டைப்புழு பித்தநாளத்தில் குடியேறி ஆண்டுக்கணக்கில் இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அதை மனிதருக்குப் புற்று உண்டாக்குவதென அறிவித்தது. சீனா, கொரியாவின் குளோனார்க்கிஸ் புழுவையும் 2009இல் சேர்த்தது. கொச்சியில் சீனவலை உண்டு, சீனப் புழு இல்லை. இங்கே உண்பது பெரும்பாலும் கடல்மீனும் காயல் மீனும், அதுவும் குடம்புளி போட்டுக் கொதிக்கவைத்து. எங்கே புழு இல்லையோ அங்கே புழுவை வைத்து வகுத்த எல்லைகள் எவ்வளவு செல்லும் என்று கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது இடம் ஒசாகா. அங்கே அச்சகம் ஒன்றில் வேலை பார்த்த இளைஞர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்று வந்தது 2012இல் வெளியானது; அச்சு உருளையைத் துடைக்கும் டைகுளோரோபுரோப்பேன் கரைப்பான் காரணம் என்று தெரிந்து, 2014இல் அதுவும் புற்றுண்டாக்கிகளின் முதல் பட்டியலில் ஏறியது. அவர்களிடமிருந்து எடுத்த திசுவில் புற்றுக்கு வெகு தூரத்திலும் பிலின் சிதறிக் கிடந்தது. டி.என்.ஏ. இழைகள் அறுந்ததைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் புரதம் அதைவிட அகலமாக, பார்வைக்குச் சாதாரணமான செல்களிலும் ஏறியிருந்தது. வடிவம் மாறுவதற்கு முன்பே சேதத்தைப் புரதம் சொல்லிவிடும் என்பதற்கு இதுவரை கிடைத்தவற்றில் வலுவான சான்று இதுதான். இதற்குக் கொடுத்த விலை தொழிலாளர்களின் உயிர் என்பதை மருத்துவக் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

கோன் கேன் ஆய்வகத்து வெள்ளெலிகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அவற்றுக்குக் கொடுத்தது மஞ்சள். குர்க்குமின் தின்ற வெள்ளெலிகளில் புழுவும் நைட்ரோசமினும் சேர்ந்து உண்டாக்கும் புற்று குறைந்தது. அழற்சிப் புரதங்களும் தணிந்தன. இதைப் படித்துவிட்டு மஞ்சளும் மிளகும் சேர்த்த மாத்திரையை ஈரலுக்கு நல்லதென்று விழுங்குவோர் உண்டு. மிளகின் பைப்பரின் குர்க்குமினை இரத்தத்தில் இருபது மடங்கு ஏற்றும் என்று 1998இல் காட்டியது பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. அப்படி ஏற்றிய மஞ்சளே சிலருக்கு ஈரலைப் பழுதாக்கியதை அண்மைய அமெரிக்கப் பதிவுகள் சொல்கின்றன. மட்டாஞ்சேரி இரண்டு சரக்கையும் நூற்றாண்டுகளாக விற்றிருக்கிறது. குழம்பில் போடுகிற அளவுக்குத்தான்.

இரத்தச் சோதனையை எளிதாகக் கடந்துவிடலாம். சிஏ 19-9 என்ற புற்றுக் குறிப்பான் எல்லா ஊரிலும் எடுக்கப்படுகிறது, அடைப்புக் காமாலையே அதை ஏற்றிவிடுகிறது. லூயிஸ் இரத்த வகைப் பொருள் இல்லாதவர்கள், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர், புற்று வந்தாலும் அதைச் சுரப்பதே இல்லை. முன்நிலையைக் கண்டறிய அது உதவாது. தாய்லாந்தில் இரத்தத்தில் மியூசின் 5ஏசியைத் தேடிய முயற்சியும் முற்றிய நோயைத்தான் பிடித்தது. இரத்தத்தை விட்டுத் திசுவுக்குத் திரும்பினால், வட இந்தியாவுக்கு வேறு பிரச்சினை: கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் பெண்களைக் கொல்வது பித்தப்பைப் புற்று. அங்கே கல்லுக்காக எடுக்கப்படும் பித்தப்பைகளே முன்நிலை ஆய்வுக்குப் பெரிய களஞ்சியம். கேரளத்திலும் தமிழகத்திலும் அந்தப் புற்று ஒப்பீட்டில் குறைவு.

அறுவை மேசையில் கேள்வி கூர்மையாகிறது. பித்தநாளப் புற்றை வெட்டியெடுத்தபின், மிஞ்சிய நாளத்தின் விளிம்பு சுத்தமா என்று உறைய வைத்த சீவலில் பார்ப்பார்கள். அரை மணிக்குள் பதில் வேண்டும். ஐ.எச்.சி.க்கு மணிக்கணக்காகும், பல இடங்களில் மறுநாள்தான். ஆகவே அந்த நேரத்தில் எந்தப் புரதமும் உதவிக்கு வராது. உயர்நிலை பிலின் விளிம்பில் இருந்தால் இன்னும் மேலே, ஈரலுக்குள் வெட்டிக்கொண்டே போகவேண்டுமா? நீகாத்தாவில் வகாய் குழு 2005இல் சொன்ன விடை இன்னும் வழிகாட்டுகிறது: விளிம்பில் ஊடுருவிய புற்று மிஞ்சியிருந்தால் நோயாளி சீக்கிரம் இறக்கிறார், ஊடுருவாத மாற்றம் மட்டும் மிஞ்சினால் ஆயுள் ஏறத்தாழச் சுத்த விளிம்புக்காரரைப் போலவே, ஆனால் பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நோய் திரும்பக்கூடும். எழுபது வயதுக்காரருக்கு இது ஆறுதல். நாற்பது வயதுக்காரருக்கு ஆறுதலே இல்லை. இளவயதிலேயே கணையக் கல்லோடு வருகிற நம் நோயாளிகள் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அதனால்தான் சாயங்களின் உண்மையான இடம் அறுவைக்குப் பின் வரும் வாரங்கள் என்று நினைக்கிறேன். விளிம்பில் பிலின் என்று அறிக்கை வந்துவிட்டால், அதன்மேல் பி53, எஸ்100பி, வி.எச்.எல்., கீழ்நாளமானால் ஸ்மாட்4 போட்டு, யாரை ஆறு மாதத்துக்கொரு முறை அழைப்பது, யாரை ஆண்டுக்கொரு முறை அழைப்பது என்று பிரிக்கலாம். இன்னொரு தேவை, கொச்சிக்கு மட்டுமே எளிதாக நிறைவேற்றக்கூடியது. கணையக் கல்லுக்காக இங்கே பல பத்தாண்டுகளாக அறுவை நடக்கிறது. அவற்றில் சிலவற்றில் பித்தநாளத் துண்டும் வரும், புற்று என்று சந்தேகித்து எடுத்துக் கடைசியில் வெறும் அழற்சி என்று தெரிந்த விப்பிள் மாதிரிகளும் வரும். இந்தத் திசுக்களைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளில், புற்று வராதவர்களின் பித்தநாளத்தில் மியூசின் 5ஏசி எவ்வளவு, எஸ்100பி எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவரையும் வைக்காதவரையும் தனியாகவே எண்ண வேண்டும், ஏனென்றால் ஸ்டென்ட் ஒன்றே பாதிச் சாயங்களைக் கிளப்பிவிடும். பழைய பிளாக்குகளில் ஒரு சிக்கல் உண்டு: ஃபார்மலினில் எத்தனை நாள் ஊறியது என்று குறிக்காமல் விட்டவற்றில் பி53 மங்கித் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரே ஆன்டிபாடி, ஒரே நாள், ஒரே இயந்திரம் என்று சாயமேற்றி, நோயாளியின் கதை தெரியாத இருவர் தனித்தனியாக எண்ணினால், கனாசாவா வகுத்த எல்லைக்கோடு இங்கே எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.